எட்டாம் பக்கத்தில் ஒருவன்

"உன் பட்ஜெட்டுக்கு ஒண்ணைத்தான் எடுக்க முடியும் தங்கச்சி. எதுன்னு சொல்லு" என்றார் முகம்மது ஹனீப்.

தாராவியில் அவருடைய செகண்ட்ஹேண்ட் கடை. மேசையில் ஒரு டேப்லெட். படம், வீடியோ கால், எல்லாம் உண்டு. பக்கத்தில் சாம்பல் நிற ஈ-ரீடர், புத்தகம் மட்டும்.

ஜெஸியின் விரல் டேப்லெட்டைத்தான் தடவியது. ஆனால் வாசிக்கப்போவது அம்மா. கண் ஆபரேஷனுக்குப் பிறகு அந்த வெளிச்சம் ஆகவில்லை, நீர் வடிகிறது. ஈ-ரீடரைத் திறந்தாள். உச்சியில் தமிழில் ஒரு வரி. ஜெஸி படித்தது ஹிந்தி மீடியம். தமிழ் பேச மட்டும்தான் வரும். கதையின் பெயர் என்று நினைத்துக்கொண்டாள்.

"மொத்தமா வந்த சரக்கு. பழைய அக்கவுண்ட் அழிய மாட்டேங்குது, பாஸ்வேர்டு கேக்குது. உள்ள இருக்கிற புக்கெல்லாம் உனக்கு ஃப்ரீ. பிடிக்கலைன்னா நாளைக்கு வந்து டேப்லெட்டை எடுத்துக்க."

வீட்டில் இருதயமேரி கண்ணாடியை ஏற்றிவிட்டு அந்த வரியைப் பார்த்தாள்.

"ஏட்டி, இத எங்க வாங்குன?"

"ஏம்மா, எழுத்து சின்னதா இருக்கா?"

"இருதயமேரி மகன் சாஜன்னு போட்டிருக்குட்டி."

ஜெஸி குனிந்து தனக்கு வாசிக்கத் தெரியாத அந்த வரியையே பார்த்தாள்.

அண்ணன் சாஜன். மூன்று வருஷத்துக்கு முன் காலையில் சயான் ஸ்டேஷனுக்குப் போனவன் திரும்பவில்லை. தண்டவாளத்தில் கிடைத்த, முகம் தெரியாத உடல்களில் ஒன்றாக இருக்கும் என்றது போலீஸ். அம்மா ஒப்பவில்லை. கல்லறைத் திருநாளில் இறந்தவர்கள் பெயரைக் கோயிலில் வாசிப்பார்கள். அவள் கணவன் சேசுராஜின் பெயரை மட்டுமே கொடுப்பாள். இந்த வருஷம் ஜெஸி, அவளுக்குத் தெரியாமல், அண்ணன் பெயரையும் கொடுத்துவிட்டாள். நாளை மறுநாள் வாசிப்பார்கள்.

ஜெஸி மொபைலில் ஹாட்ஸ்பாட் போட்டு ஈ-ரீடரை நெட்டில் இணைத்தாள். திரை கறுத்து வெளுத்தது. திறந்திருந்த கதையின் மேல் ஆங்கிலத்தில் ஒரு கட்டம். அவள் தமிழில் சொன்னாள்:

"இந்தப் புத்தகத்த வேற ஒரு போன்ல இருநூத்திப் பன்னெண்டாம் பக்கம் வரைக்கும் வாசிச்சிருக்காங்க. இன்னைக்கு. அங்க போகவான்னு கேக்குது."

"இன்னைக்கா?"

"எவனோ ஒரு சோர், அண்ணன் போனை அடிச்சிருப்பான்மா."

"எந்தத் திருடன் இருநூறு பக்கம் தமிழ்க்கத வாசிப்பான்? நீயே வாசிக்க மாட்டேங்க!"

ஜெஸிக்குப் பொறி தட்டியது. இங்கே பக்கம் மாறினால் அங்கேயும் இதே கேள்வி போய் நிற்குமே!

"எம்மா, ஏழாம் பக்கத்துக்குப் போ."

இருதயமேரி போனாள். காத்திருந்தார்கள். குக்கர் விசில் அடிக்க, இருவரும் துள்ளி விழுந்தார்கள்.

கட்டம் வந்தது. அந்தப் போனில் இப்போது எட்டாம் பக்கம்.

"பின்னாலயே வாரான்ட்டி!"

ஒன்பதைப் புரட்டினாள். பத்து வந்தது. யாரோ சுவருக்கு அந்தப் பக்கம் மூச்சை அடக்கி நிற்பதுபோல் இருந்தது ஜெஸிக்கு. இருதயமேரி பதினொன்றுக்குப் போய், "சாஜா" என்று திரையிடமே கூப்பிட்டாள்.

பன்னிரண்டு வரவில்லை.

பிறகு திரை வெளுத்தது. உச்சி வரி போயிற்று. புத்தகங்கள் போயின. ஒரே ஒரு வாக்கியம். ஜெஸி அதை மெதுவாகச் சொன்னாள்: "இதோட சொந்தக்காரர் இந்த மிஷினை அக்கவுண்ட்ல இருந்து எடுத்துட்டாராம்."

"நம்மதான்னு தெரிஞ்சுபோச்சு அவனுக்கு" என்றாள் இருதயமேரி. அழவில்லை.

"எம்மா, நான் கோயில்ல அண்ணன் பேரை..."

"தெரியும். கோயில்ல பேரு எழுதுற உபதேசியாரு சொன்னாரு. போவட்டும்னுதான் நானும் பேசாம இருந்தேன்." வெற்றுத் திரையை மடியில் கவிழ்த்து வைத்தாள். "இப்ப ஓடிப்போயி அந்தப் பேர எடுத்துரு."

"அவன் நம்மள வேண்டாம்னுல்ல சொல்லிட்டான்."

"ஏட்டி, செத்தவனா வேண்டாம்பான்? போ."