அப்பா பேரை எடுத்துடுங்க

முந்நூறு பேருடைய கருத்து வேண்டும் என்று தலைவர் ராதாகிருஷ்ணன் சொன்னாலும் சொன்னார், விஷ்ணுப்ரியாவுக்குத் தூக்கம் போயிற்று. அவள் வேலை பார்க்கும் தனியார் பல்கலைக்கழகத்தில் மாணவர்களுக்கென்று ஒரு வலைப்பதிவுத் தளம் உண்டு. முதலாண்டு மாணவர்கள் வாரம் ஒரு பதிவு எழுதியே தீர வேண்டும், அதற்கு மதிப்பெண். அந்தத் தளத்தைச் சீர்செய்யும் வேலை அவள் தலையில் விழுந்திருந்தது. என்ன குறை என்று கேட்டால் ஒருத்தரும் வாயைத் திறப்பதில்லை. கெஞ்சிக் கூத்தாடியும் நாற்பது பேர் தேறவில்லை.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. எந்த நேரத்தில் வந்ததோ! ஒவ்வொரு பதிவுக்கும் அடியில், ‘படித்தீர்களா? எங்களுக்கு எழுதுங்கள்’ என்று ஒரு பெட்டியை வைத்தாள். மாணவர்கள் மட்டுமல்ல, வெளியாட்களும் எழுதலாம். எழுதுவது நேரே அவளுடைய அஞ்சல்பெட்டிக்கு மட்டும் வரும். எழுதுகிறவர்களுக்கு அவளே பதில் போட்டாள். கருத்துகள் கொட்ட ஆரம்பித்தன. ராதாகிருஷ்ணன் கூட்டத்தில் வைத்து அவளைப் பாராட்டினார். அவளுக்குத் தலைகால் புரியவில்லை.

அப்படி வந்தவற்றில் ஒன்றுதான் ஜெயராஜ் என்பவர் எழுதியது. அமுதவள்ளி என்ற மாணவியின் பதிவுக்குக் கீழே, தமிழிலேயே, அவ்வளவு மரியாதையாக எழுதியிருந்தார். நான் அவளுடைய தகப்பன், மகள் இவ்வளவு அழகாக எழுதுவாள் என்று தெரியாமல் போயிற்று, ஒரு தடவை வந்து பார்த்துப் பெருமைப்பட ஆசை, எப்போது வரலாம் என்று கேட்டிருந்தார். படித்ததும் விஷ்ணுப்ரியா உருகிப் போனாள். அம்மா போன பிறகு கிள்ளானில் அப்பாவும் அவளும்தான். அப்பா என்று யாராவது எழுதினால் போதும், அவளுக்குக் கண் கலங்கிவிடும். வெள்ளிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸ் கிளையில் மாணவர்களை உட்காரவைத்துக் கருத்துக் கேட்கிறோம் அங்கிள், அமுதவள்ளியும் பேர் கொடுத்திருக்கிறார், சாயங்காலம் வாங்க என்று மின்னஞ்சலில் பதில் போட்டாள். கடிதத்தின் அடியில் அவளுடைய முழுப்பெயர் தானாக விழுந்தது: விஷ்ணுப்ரியா ஏ/பி கோபாலன். அதாவது கோபாலனின் மகள். இந்த நாட்டில் அடையாள அட்டையில் அப்படித்தான் எழுதுவார்கள். தமிழன் வீட்டுப் பிள்ளைக்கு அப்பன் பெயர் இல்லாமல் முழுப்பெயர் கிடையாது.

ஐந்து நிமிடத்தில் மறுமொழி வந்தது. துறைமுகத்தில் லோரி ஓட்டிய கிள்ளான் கோபாலன் மகளா நீ? நானும் உங்க பக்கத்துப் பண்டமாரான்தான் அம்மா, உன் அப்பாவோடு வேலை செய்திருக்கிறேன். மகளிடம் மட்டும் சொல்லிவிடாதே, சர்ப்ரைஸாக இருக்கட்டும்.

ஆமாம் அங்கிள், அவர் மகள்தான் என்று சிரிக்கிற முகம் ஒன்றையும் சேர்த்து அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை மாணவர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். அவர்கள் தளத்தைப் பயன்படுத்துவதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பதுதான் வேலை. எங்கே தடுமாறுகிறார்கள், எந்தப் பொத்தானைத் தேடுகிறார்கள் என்று கவனிப்பாள். கடைசியில் எல்லாரிடமும் ஒரே கேள்வி: ஒன்றே ஒன்றை மாற்றலாம் என்றால் எதை மாற்றுவாய்?

கடைசியாக வந்தவள் அமுதவள்ளி. ஒல்லியான பெண். அந்த வெக்கையிலும் முழுக்கைச் சட்டை. கணினி மவுஸை வலது கையால் நகர்த்தினாள். இடது கை முழங்கையில் மடங்கியபடியே மடியில் கிடந்தது. விஷ்ணுப்ரியா உள்ளுக்குள் சிரித்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் இந்தப் பிள்ளை முகம் எப்படி மலரப்போகிறது என்று நினைத்துக்கொண்டே கேள்வியைக் கேட்டாள்.

“அப்பா பேரை எடுத்துடுங்கக்கா,” என்றாள் அமுதவள்ளி.

பதிவுக்கு மேலே எழுதியவர் பெயர் முழுசாக நின்றது: அமுதவள்ளி ஏ/பி ஜெயராஜ். அது ஐசி-யில், அடையாள அட்டையில் இருந்து தானாக வருகிறது, மாற்றுவதென்றால் பதிவாளர் அலுவலகத்தைக் கேட்க வேண்டும், அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று விஷ்ணுப்ரியா எல்லாருக்கும் சொல்கிற பதிலையே சொன்னாள்.

அமுதவள்ளி தலையாட்டினாள். பிறகு குனிந்துகொண்டு மெதுவாகச் சொன்னாள். வீட்டை விட்டு ஓடிவந்து ஒரு வருஷமாகிறதாம். எந்தக் காலேஜ் என்றுகூட அப்பாவுக்குத் தெரியாதாம். ஃபோன் நம்பரை மாற்றி, படம் எதுவும் போடாமல், அம்பாங்கில் ஒரு அறையில் ஒளிந்து வாழ்கிறாளாம். மார்க்குக்காக எழுதித்தான் ஆக வேண்டும். ஆனால் அவர் மகள் பெயரோடு தன் பெயரையும் போட்டுத் தேடினாலே போதும், முதலில் வந்து நிற்பது இந்தப் பக்கம்தான்.

“அவரு கண்டுபிடிச்சா என்னைக் கொன்னுடுவாருக்கா. சும்மா சொல்லல.”

அவள் தன் மடங்கிய கையைப் பார்த்தாள். விஷ்ணுப்ரியாவும் பார்த்தாள். சொல்லிவிட வேண்டும் என்று வாயைத் திறந்தாள்.

மேசைமேல் இருந்த ஃபோன் அடித்தது. கீழே காவலுக்கு இருக்கும் வாசு. மேடம், ஒரு அங்கிள் வந்திருக்கார், மகள் மேலே இருக்காங்களாம், அனுப்பட்டுமா என்று கேட்டார். அனுப்பாதீங்க, நானே வர்றேன் என்றாள். அமுதவள்ளியிடம் கதவை உள்ளே தாழ்போட்டுக்கொள்ளச் சொன்னாள். அதற்குமேல் சொல்லத் தேவைப்படவில்லை. அந்தப் பெண் அதற்குள் தாழ்ப்பாளில் கை வைத்திருந்தாள்.

கீழே நின்றவரைப் பார்த்தால் யாருமே பயப்பட மாட்டார்கள். இஸ்திரி போட்ட சட்டை, நெற்றியில் விபூதி, ஒரு கையில் மோட்டார் சைக்கிள் ஹெல்மெட், இன்னொரு கையில் ஆப்பிள் பை. அவளைக் கண்டதும் முகமெல்லாம் சிரிப்பு.

“கோபாலன் மகதானே? அப்படியே அப்பன் ஜாடை. இன்னும் அதே பழைய வீட்டுலதானா இருக்கீங்க?”

“ஆமா அங்கிள்,” என்றது அவள் வாய். பெரியவர் கேட்டால் பதில் சொல்லிப் பழகிய வாய் சொல்லிவிட்டது. அந்த வாயை என்ன செய்வது? கூட்டம் முடிய இன்னும் நேரமாகும், உட்காருங்க அங்கிள், டீ குடிக்கிறீங்களா என்று அது பாட்டுக்குப் பேசிக்கொண்டே போனது. அவர் உட்கார்ந்தார். ஹெல்மெட்டை மடியில் வைத்துக்கொண்டார். சிரிப்பு மட்டும் முகத்தில் அப்படியே இருந்தது.

விஷ்ணுப்ரியா பின்படி வழியாக அமுதவள்ளியை இறக்கிக் காரில் ஏற்றினாள். அம்பாங் வேண்டாம் என்றாள் அமுதவள்ளி. ‘என் தெரு’ என்று வகுப்பில் ஒரு பதிவு எழுதச் சொன்னார்கள். அறை ஜன்னலையும் கீழே இருக்கும் லக்சா நூடுல்ஸ் கடையையும் ஒன்றுவிடாமல் எழுதிவைத்திருக்கிறாள். இந்நேரம் அதைப் படித்திருப்பார். போக வேறு இடமில்லை.

“எங்க வீட்டுக்கு வா. கிள்ளான்லதான். அப்பா தங்கமான மனுஷன், பார்த்துப்பாரு.”

ஃபெடரல் ஹைவேயில் வெள்ளிக்கிழமைச் சாயங்கால நெரிசல். கார்கள் நின்று நின்று ஊர்ந்தன. ஓரத்துத் தனிப்பாதையில் மோட்டார் சைக்கிள்கள் மட்டும் சர்சர்ரென்று பறந்தன. அமுதவள்ளி ஒவ்வொரு ஹெல்மெட்டையும் திரும்பிப் பார்த்தாள். விஷ்ணுப்ரியா அப்போதுதான் எல்லாவற்றையும் சொன்னாள். நான்தான் அவரை வரச்சொன்னேன் என்றாள். மன்னிச்சிரு என்றாள். அமுதவள்ளி திட்டவில்லை, அழவில்லை. கதவுப் பிடியில் கையை வைத்தபடி முன்னால் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்தப் பார்வை விஷ்ணுப்ரியாவைக் கொன்றது.

ஷா ஆலம் நெருங்கும்போது காரின் ஸ்பீக்கரில் அப்பாவின் குரல் வந்தது. எங்கம்மா இருக்கே என்று உற்சாகமாகக் கேட்டார்.

“யாரு வந்திருக்கா பாரு. நம்ம ஜெயராஜ் அண்ணன்லா. எத்தனை வருஷமாச்சு! வீட்டுலதான் உட்கார்ந்திருக்காரு. அவரு மக உன்கூட வர்றாளாமே, ஆபீஸ் வாசல்ல காவலுக்கு இருக்கவன் பார்த்துச் சொன்னானாம். சேர்ந்து சாப்பிடலாம், சீக்கிரம் வாங்க.”

அமுதவள்ளி வலது கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். விஷ்ணுப்ரியா அப்பாவிடம் பொய் சொன்னதே இல்லை. இப்போது சொன்னாள்: அந்தப் பிள்ளையைப் பிரிக்ஃபீல்ட்ஸிலேயே இறக்கிவிட்டேன்பா.

ஃபோன் கைமாறும் சத்தம் கேட்டது.

“பரவாயில்லம்மா,” என்றார் ஜெயராஜ். அதே மரியாதை, அதே இதம். “நீ அவளைக் கூட்டிட்டே வா. நான் காத்திருக்கேன். அப்பாவுக்கு முட்டி வலியாமே, பாவம், எழுந்திரிக்கக்கூட முடியல. வீட்டுல வேற யாரும் இல்லையா?”

இணைப்பு அறுந்தது. என்னை இங்கேயே இறக்கி விடுங்கக்கா, நான் அவர்கிட்ட போயிடுறேன், உங்க அப்பாவை விட்டுடுவாரு என்றாள் அமுதவள்ளி. வாயை மூடு என்று அதட்டினாள் விஷ்ணுப்ரியா. அதட்டிய பிறகு அவளுக்கு அழுகை வந்தது. ஒரு நொடி, ஒரே ஒரு நொடி, இறக்கிவிடலாமா என்று அவள் மனசும் நினைத்திருந்தது.

ஷா ஆலமில் முதலில் கண்ணில் பட்ட போலீஸ் நிலையத்துக்குள் காரை விட்டாள். முகப்பில் இருந்த மலாய்ப் பெண் போலீஸ் பொறுமையாகக் கேட்டாள். வாக்கி டாக்கியை எடுத்து, கிள்ளானுக்கு ஆள் அனுப்பச் சொல்கிறேன், வீட்டு முகவரி சொல்லுங்கள் என்றாள். பிறகு அமுதவள்ளியைப் பார்த்து முழுப்பெயர் கேட்டாள்.

“அமுதவள்ளி.”

முழுப்பெயர், என்றாள் மறுபடியும். அமுதவள்ளி, ஏ பி என்பதுவரை சொன்னாள். அதற்கு மேல் வரவில்லை. உதடு மட்டும் அசைந்தது. அவள் சார்பில் விஷ்ணுப்ரியா அந்தப் பெயரைச் சொன்னாள்.

வீட்டில் இருப்பவர் பெயர் என்ன என்று அடுத்த கேள்வி வந்தது. கோபாலன் என்றாள். நாளெல்லாம் கடிதங்களின் அடியில் தானாக விழுகிற பெயர்.

முகப்பு மேசையில் வைத்திருந்த அவளுடைய ஃபோன் அடித்தது. திரையில் ‘அப்பா’ என்று வந்தது. அமுதவள்ளி பின்னால் நகர்ந்து சுவரோடு ஒட்டிக்கொண்டாள். அந்தப் பக்கத்தில் பேசப்போவது எந்த அப்பா என்று தெரியாமல் விஷ்ணுப்ரியா ஃபோனைப் பார்த்தபடி நின்றாள். கை நீளவில்லை. அது அடித்துக்கொண்டே இருந்தது.