பிறந்த வீட்டுக் கோடி

"கழுத்துக்கு இன்னும் கொஞ்சம் பூசும்மா," என்றாள் சாரதாம்பாள்.

கமலவேணி மஞ்சள் கிண்ணத்தோடு குனிந்தாள். சேலைகளைக் கட்டி மறைத்த கொல்லைப்புறத்தில், பலகையின் மேல் அவள் தங்கை சந்திரமதி கிடந்தாள். முகம், கை, கால் எல்லாம் லேசான மஞ்சள். கழுத்தில் மட்டும் அப்பி வைத்திருந்தது. கமலவேணி செம்பிலிருந்து தண்ணீர் ஊற்றினாள். மஞ்சள் கரைந்து வழிந்தது. அடியில் விரல் தடங்கள் தெரிந்தன. இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் நான்கு.

அவள் நிமிர்ந்து தங்கையின் மாமியாரைப் பார்த்தாள்.

"வலிப்பு வந்துச்சும்மா. துடிச்சப்ப தேவதாஸ்தான் புடிச்சான்," என்றாள் சாரதாம்பாள். குரல் கீழே போனது. "பொம்பளப் புள்ள இருக்கு. பாத்துக்க."

கமலவேணி கத்தவில்லை. கத்தினால், அக்காக்காரி துக்கத்தில் புத்தி பேதலித்துவிட்டாள் என்று கையைப் பிடித்து உட்கார வைத்துவிடுவார்கள். மறுபடி மஞ்சளை எடுத்து, தன் கையாலேயே அந்த விரல்களை மூடினாள்.

போன மாதம் சந்திரமதி குழந்தையைத் தூக்கிக்கொண்டு உஜோங் பாசிரில் இருந்த கமலவேணி வீட்டுக்கு ஓடி வந்திருந்தாள். "அடிக்கும்போதுகூட பயமில்லக்கா. அடிச்சு முடிச்சிட்டு கழுத்துல கைய வச்சிட்டு சும்மா பாக்கறாரு. விட்டுட்டுப் போனா கொன்னுடுவேங்கறாரு." அண்ணன் ஏகாம்பரம்தான் சமாதானம் பேசி, அவளைத் திரும்பக் கொண்டுபோய் விட்டுவந்தார். கமலவேணி விடவில்லை. தையல் கடையில் வேலைக்குச் சொல்லிவைத்து, வந்துவிடு என்று ஆள் அனுப்பினாள். இன்று காலை வருவதாக இருந்தது. அடுக்களை மூலையில் துணி மூட்டை கட்டினபடியே இருந்தது.

வாசலில் சந்திரமதியின் புருஷன் தேவதாஸ் தலையைக் கையில் தாங்கி அழுதுகொண்டிருந்தான். வந்தவர்களெல்லாம் அவன் தோளைத் தட்டிக்கொடுத்தார்கள். கமலவேணியின் கண் அருவாமணைக்குப் போய்த் திரும்பியது. வேண்டாம். ஒரு வெட்டில் முடிந்துவிடும். அது அவனுக்குப் போதாது. நாள் குறித்து, விடியலில் எழுப்பித் தூக்குமேடைக்கு நடத்திக்கொண்டு போக வேண்டும். கழுத்து இறுகுவது எப்படி இருக்கும் என்று அவனுக்கும் தெரிய வேண்டும்.

"சீக்கிரம் எடுத்துடுவோம்," என்றார் மண்டோர் மருதமுத்து. தேவதாஸுக்குத் தாய்மாமன், கூலியாட்களை மேய்க்கும் மேஸ்திரி. "மெர்டேக்கா நேரம், சுதந்திரக் கொண்டாட்டம். போலீஸெல்லாம் படாங் மைதானத்துல அணிவகுப்புக்குப் போயிட்டான். அவங்கிட்ட நாளைக்குச் சொல்லிக்கலாம்."

"எப்படி மாமா எடுப்பீங்க? பொறந்த வீட்டுக் கோடி இன்னும் போடலியே," என்றாள் கமலவேணி.

தாய்வீட்டுச் சேலை விழாமல் கட்டுக்கழுத்தியை எப்படித் தூக்குவது?

"நானே போயி எடுத்தாரேன்."

ஏகாம்பரம் வேலிவரை பின்னால் வந்தார். அவள் முகத்தைப் பார்த்தே அவருக்குப் புரிந்துவிட்டது. "வேணாம் கமலம். அவன் உள்ள போயிட்டா அந்தப் புள்ள கதி? நம்ம குடும்பப் பேரு?"

"நீங்க கொண்டுபோயி விட்டது போதும்ணே. தள்ளுங்க."

பக்கத்து வீட்டு அன்னம்மா சரோங் கெபாயா உடுத்தித் தன் வாசலில் நின்றிருந்தாள். கம்போங் செட்டிக்காரி, தலைமுறைகளாக மலாய் பேசும் குடும்பம், தமிழ் வராது. கமலவேணி தனக்குத் தெரிந்த பசார் மலாயில், காலையில் என்ன கேட்டது என்று கேட்டாள். அன்னம்மா அந்த வீட்டை ஒருமுறை பார்த்தாள். உன் தங்கை கத்தினாள், பிறகு சத்தம் பாதியில் நின்றுபோனது என்றாள். போலீஸில் சொல்வாயா என்றதும் உள்ளே போய்ச் செருப்பைப் போட்டுக்கொண்டு வந்தாள். இருவரும் ஒரே திரிஷா வண்டியில் ஏறினார்கள்.

திரும்பி வந்தபோது கமலவேணியின் கையில் சிவப்புச் சேலை இருந்தது. போலீஸ் சார்ஜனும் இரண்டு காவலர்களும் அன்னம்மாவோடு வேலிக்கு வெளியே நின்றுகொண்டார்கள்.

அவள் கோடியைத் தங்கையின் மேல் போர்த்தினாள். மடிப்பை நிதானமாக நீவிவிட்டாள்.

"மாப்பிள்ள, வாங்க. ஒரு பூ வச்சு அனுப்பி விடுங்க."

தேவதாஸ் தள்ளாடி வந்து பக்கத்தில் மண்டியிட்டான். கமலவேணி கோடியின் முந்தானையை நனைத்து, தங்கையின் கழுத்தை அழுந்தத் துடைத்தாள். சுற்றி நின்ற பெண்களின் ஒப்பாரி ஒவ்வொன்றாக நின்றது.

"கைய வைங்க மாப்பிள்ள," என்றாள். "இதுமேல வைங்க. அளவு சரியா இருக்கான்னு எல்லாரும் பாக்கட்டும்."

அவன் கை எழவில்லை. மடியில் கிடந்த விரல்கள் தாமாகவே உள்ளே மடங்கிக்கொண்டன. மருதமுத்து வேலிப் பக்கம் திரும்பினார். அப்போதுதான் காக்கிச் சட்டைகளைக் கண்டார். சார்ஜன் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு உள்ளே வந்தான்.

விலங்கு மாட்டும்போது தேவதாஸ் கமலவேணியைத்தான் பார்த்தான். "விட்டுட்டுப் போறேன்னு சொன்னா, அக்கா. எங்கிட்டயே சொன்னா."

அவள் அவன் கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சந்திரமதியை அறுத்துப் பார்க்க ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சாரதாம்பாள் மண்ணை வாரித் தூற்றினாள். "எம்புள்ளயத் தூக்குல ஏத்தத்தான் கோடி எடுத்தாந்தியாடி?"

"ஆமா அத்த," என்றாள் கமலவேணி.

கூட்டம் கலைந்தது. ஏகாம்பரம் யார் முகத்தையும் பாராமல் ஆஸ்பத்திரிக்குப் போனார். கமலவேணி அடுக்களை மூட்டையையும் குழந்தை ருக்மணியையும் தூக்கிக்கொண்டு அன்னம்மா வீட்டுக்கு வந்தாள். காலையிலிருந்து குழந்தை பசியாறவில்லை. அன்னம்மா சுடுசோறும் பருப்பும் வைத்துவிட்டு உள்ளே போனாள்.

"அப்பா எப்ப வருவாரு பெரியம்மா?"

"வாயத் தொறம்மா."

குழந்தை அண்ணாந்து வாயைத் திறந்தது. அகன்ற நெற்றி, பிளந்த மோவாய், சற்றே ஏறின புருவம். அப்படியே தேவதாஸ். சோற்று உருண்டையோடு கமலவேணியின் கை பாதியில் நின்றது. குழந்தை வாயைத் திறந்தபடியே காத்திருந்தது.

உருண்டையைக் கொஞ்சம் சிறிதாக்கி, சூடு ஆறும்வரை ஊதி, ஊட்டினாள்.