காலி நாற்காலியின் பதில்

1.
இந்தக் கதை பிறந்தது ஒரு மர நாற்காலியிலிருந்து. என் தம்பி இறந்த பிறகு நான் போய்வந்த மனநல ஆலோசகரின் அறையில் மூன்று நாற்காலிகள் உண்டு. அவருக்கு ஒன்று, எனக்கு ஒன்று, மூன்றாவது

('நான்' என்று எழுதினால் கை நின்றுவிடுகிறது. இனி 'அக்கா' என்றே எழுதுகிறேன்.)

2.
மூன்றாவது, தம்பிக்கு. ஆலோசகர் வாரம் ஒரு தத்துவத்தை அந்தக் காலி நாற்காலியிடம் சொல்வார். அக்கா எழுந்துபோய் அதில் உட்கார்ந்து, தம்பியாகப் பதில் சொல்லவேண்டும். கடைசி வாரம் அவனுக்கு விடை கொடுத்து, நாற்காலியை வெளியே வைத்துவிடுவார்கள்.

முதலில் பௌத்தம்.

"எல்லாம் மாறிக்கிட்டே இருக்கு தம்பி. எதையும் பிடிச்சு வைக்க முடியாது."

"அதை எங்க அக்காகிட்ட சொல்லுங்க சார். என் அழுக்குச் சட்டையக்கூட துவைக்காம வச்சிருக்கா."

சொல்லிவிட்டு அக்காவே சிரித்தாள். அவன் போனபின் முதல் சிரிப்பு.

அடுத்து, பழைய கிரேக்கர்கள்.

"நம்ம கையில இல்லாததுக்கு வருத்தப்படக் கூடாதுப்பா."

"எனக்குக் கையே இல்லையே சார்."

(இந்த வரியை முதலில் அடித்துவிட்டேன். அவன் அப்படித்தான் பேசுவான் என்பதால் திரும்பச் சேர்த்தேன்.)

3.
பிறகு அத்வைதம்.

"செத்தது யாரு, அழறது யாரு? ரெண்டும் ஒண்ணுதானே?"

அக்காவுக்குக் கால் மரத்திருந்தது. எழுந்திருக்கவில்லை. அதற்குள் பதில் வந்துவிட்டது.

"அப்ப அவளும் செத்துட்டாளா சார்?"

ஆலோசகர் காலி நாற்காலியைப் பார்த்துத் தலையாட்டினார். "நல்ல கேள்வி. சரிம்மா, இப்ப உங்க நாற்காலிக்கு வாங்க."

அக்கா தன் நாற்காலியில்தான் இருந்தாள்.

4.
மிச்சம் இருப்பது கடைசி வாரம்.

முடிவு ஒன்று: ஆலோசகர்தான் குரல் மாற்றிப் பேசினார். (இல்லை. அவர் வாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.)

முடிவு இரண்டு: அக்கா விடை கொடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து, சட்டையைத் துவைத்து, கொடியில்

முடியவில்லை. விடை கொடுத்தால் பேச்சு நின்றுவிடும். கொடுக்காவிட்டால் அந்த அறையில் காலியாக இருப்பது எந்த நாற்காலி என்று எனக்கே தெரியாமல் போகும்.

ஆகவே வாசகரே, நீங்கள் அவனை அனுப்பிவையுங்கள். 'போய்ட்டு வாப்பா' என்றால் போதும். நான் பேனாவை மூடிவிட்டேன்.

"இதப் படிக்கிறவங்கள எனக்கு யாருன்னே தெரியாதே, அக்கா. 'போய்ட்டு வா'ன்னு நீதான் சொல்லணும்."