விலையில் சேராதது

கிட்டார் வாங்க வருகிறவளுக்கு வாசிக்கத் தெரியாமல் இருக்கட்டும். கொஞ்சம் தெரிந்தால் போதும். நாலு கார்டு, இரண்டு பாட்டு, தோழிகள் முன்னால் தோளில் மாட்டிக்கொண்டு நிற்க ஓர் ஆசை. கையில் காசு இருக்கட்டும், விரலில் ஒன்றும் இல்லாமல் இருக்கட்டும்.

அழைப்பு மணி அடித்தபோது இதைத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன். முகத்தைச் சரிசெய்துகொண்டு எழுந்தேன்.

"மூத்தவனைக் கூட்டிட்டுப் போக ஆள் வந்தாச்சு," என்றார் என் கணவர். ஞாயிற்றுக்கிழமை என்பதால் மேஜை மீது போர்வையை விரித்து, அந்த வாரத்துச் சட்டைகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். கல்யாணத்துக்கு ஏழு வருஷம் முன்பே வந்துவிட்டது என்பதால் கிட்டாருக்கு அவர் வைத்த பெயர் மூத்தவன். தன்னை இளையவன் என்பார். "கண் கலங்காம வச்சுக்குவாங்களான்னு விசாரிச்சியா?"

"நீங்க சும்மா இருங்க."

விற்கிறேன் என்று சொன்னது நான்தான். யாரும் வற்புறுத்தவில்லை. போன மாதம் ஒருநாள், கிட்டாரை மடியில் வைத்து ஒரு மணி நேரம் ஆகியும் என் கையில் ஸ்க்ரூ டிரைவர்தான் இருக்கிறது என்பதைக் கவனித்தேன். அதற்கு முந்தின வாரமும் அப்படித்தான்.

கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸைத் தேய்த்து ஃபிரேமில் பொருத்துவது என் வேலை. கண்ணுக்குத் தெரியாத திருகாணிகளோடு பழகிய கை. அதனால் கிட்டாரைப் பிரித்துப் பார்க்கப் பயமே இருந்ததில்லை. வாசிப்பு வராத ஒவ்வொரு முறையும் எதையாவது மாற்றினேன். கம்பியின் அதிர்வை வாங்கி ஒலியாக அனுப்புகிற பிக்கப்பை மாற்றினேன். கழுத்தின் பின்பக்கத்தை உப்புத்தாளால் தேய்த்து மெலியவைத்தேன். முன்பக்கத் தகட்டைக் கழற்றிவிட்டு, ஃபிரேம் செய்கிற ஆமையோட்டு நிறப் பிளாஸ்டிக்கை வெட்டிப் பதித்தேன். கடைசியாக, உளி வாங்கிவந்து உடம்பையே குடைந்து ட்ரெமலோ பிரிட்ஜ் போட்டேன். கம்பிகள் வந்து முடிகிற இரும்புத் தகடு அது. அதில் ஒரு கைப்பிடி நீட்டிக்கொண்டிருக்கும். அழுத்தினால் தகடு சாய்ந்து ஆறு கம்பிகளும் ஒன்றாகத் தளரும், சுரம் வழுக்கிக்கொண்டு இறங்கும். விட்டால் முதுகுப் பக்கத்து ஸ்பிரிங்குகள் இழுத்துப் பழைய இடத்தில் நிறுத்தும். கைப்பிடி நுனியில், மூக்குக்கண்ணாடியின் காதுக்கம்பிக்குப் போடுகிற ரப்பர் உறையை மாட்டியிருந்தேன். வழுக்காது.

கதவைத் திறந்தால், மூன்று மாடி ஏறிய மூச்சிரைப்போடு ஒரு பெண். முப்பதுகூட இருக்காது. கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளியின் பெயர் போட்ட டிஷர்ட்.

"லிஃப்ட் வேலை செய்யலையாக்கா?"

"அது வேலை செஞ்சாத்தான் ஆச்சரியம்," என்றார் அவர் உள்ளிருந்தபடியே. "நீங்க டிரைவிங் சொல்லிக்கொடுக்கறீங்களா? தைரியம்தான்."

"தைரியமெல்லாம் இல்ல சார். என் பக்கமும் ஒரு பிரேக் இருக்கு. அதான் உசிரோட சுத்திட்டிருக்கேன்."

அவர் சத்தமாகச் சிரித்தார். எனக்கும் சிரிப்பு வந்தது. நல்ல பெண். பிரேக்கில் கால் வைத்தே பிழைக்கிறவளுக்கு விரல் எங்கே ஓடப்போகிறது என்று நிம்மதியாகவும் இருந்தது.

ஸ்டூலை இழுத்துப் போட்டேன். ஆம்ப்ளிஃபயரில் ஒயரைச் செருகிக் கிட்டாரை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, திருப்பி, முதுகைப் பார்த்தாள். "இதெல்லாம் நீங்களே பண்ணதா? கடையில குடுக்காம?" என்றாள். ஆமாம் என்றேன். "அம்மாடி," என்று மட்டும் சொல்லிவிட்டுச் சுருதி சேர்த்து, வாசிக்கத் தொடங்கினாள்.

என்ன வாசித்தாள் என்று எனக்குத் தெரியாது. பாட்டு மாதிரியும் இல்லை, பயிற்சி மாதிரியும் இல்லை. ஜன்னலுக்கு வெளியே எதிர் மாடியில் யாரோ துணி உதறிக் காயப்போடுவதைப் பார்த்துக்கொண்டே வாசித்தாள். கையைப் பார்க்கவேயில்லை. வலது கால் மட்டும் அவ்வப்போது தரையில் இல்லாத பிரேக்கை மிதித்தது.

முதலில் எனக்கு வந்தது ஆச்சரியம் என்றுதான் சொல்லிக்கொள்ள ஆசை. அது உண்மையில்லை. வந்தது எரிச்சல். அவள் விரல்மீது கூட அவ்வளவு எரிச்சல் இல்லை, கிட்டார்மீதுதான். பதினெட்டு வருஷம் என் மடியில் கிடந்தது. எதைக் கேட்டாலும் ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. இன்று முன்பின் தெரியாத ஒருத்தியிடம் பத்து நிமிஷத்தில் மனதில் இருப்பதையெல்லாம் கொட்டுகிறது. இத்தனையும் உனக்குள்ளேதான் இருந்ததா? என்னிடம் ஏன் சொல்லவில்லை?

அப்போதுதான் அறையில் ஒரு சத்தம் குறைந்திருப்பது உறைத்தது. திரும்பினேன். அவர் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு, ஒற்றைக் கை மட்டும் தேய்த்த சட்டையின் முன்னால் நின்றுகொண்டிருந்தார். வாய் லேசாகத் திறந்திருந்தது. என் வாசிப்புக்கு அவர் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகள் இஸ்திரி போட்டிருக்கிறார். ஒருமுறைகூடப் பெட்டி நின்றதில்லை. நல்லா இருக்கு என்பார், காலரைத் திருப்புவார், அடுத்த சட்டையை எடுப்பார். அதையே பாராட்டு என்று வைத்துக்கொண்டு வாழ்ந்திருக்கிறேன்.

அவள் கைப்பிடியை அழுத்தினாள். சுரம் வழுக்கி இறங்கித் திரும்பி வந்தது. அடுத்த கார்டு பிசிறடித்தது.

முகம் சுளித்துச் சுருதி சேர்த்தாள். வாசித்தாள், அழுத்தினாள். மறுபடியும் பிசிறு.

என் மனதுக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. வெட்கமாக இருந்தது. ஆனாலும் குளிர்ச்சிதான்.

"தகடு முழுசாத் திரும்ப மாட்டேங்குது போலக்கா. எங்கயாவது இடிக்குதா?"

"குடைஞ்சப்ப ஒரு பக்கம் கோணலாயிடுச்சு," என்றேன். "ஒரு மயிரிழை. மரம், இனிமே அதைச் சரி பண்ண முடியாது. அழுத்தினா சுருதி விலகும். நான் மறைக்கலம்மா. விலையில எவ்வளவு குறைக்கணுமோ குறைச்சுக்கலாம்."

எல்லாம் உண்மை. நேர்மையான விற்பனையாளருக்கு வேண்டிய அத்தனையும் அதில் இருந்தது. அவள் கிட்டாரைத் தடவிக்கொண்டு யோசித்தாள். விட மனமில்லை, எடுக்கவும் தைரியமில்லை.

"எனக்கு இந்தக் கைப்பிடிதான்க்கா முக்கியம். குழுவில வாசிக்கிறேன். நடுவுல சுருதி போச்சுன்னா கிழிச்சுடுவாங்க. இந்தச் சத்தம் வேற எதுலயும் கிடைக்கல, அதான் மனசு கேக்கல."

"ஆனா நீ வாசிக்கறப்ப விலகாதே," என்றார் அவர், என்னிடம்.

நான் ஆம்ப்ளிஃபயரின் குமிழைத் திருகினேன்.

"இல்லம்மா, இவ வாசிக்கறப்ப விலகாது," என்று மேஜையைச் சுற்றிக்கொண்டு வந்தார். "அழுத்தி விட்டதும் சுண்டு விரலால இவ ஏதோ பண்ணுவா. அடியில இருந்து லேசாத் தட்டற மாதிரி. நானும் எத்தனையோ தடவை பாத்திருக்கேன். அதோட சரியாயிடும்."

பார்த்திருக்கிறார். எனக்கே தெரியாமல் எனக்குப் பழகிப்போன ஒரு அசைவை, காலரும் கையுமாக நின்றபடி இத்தனை வருஷம் பார்த்திருக்கிறார். அந்தத் தட்டு கைக்குப் பிடிபட எனக்கு இரண்டு வருஷம் ஆனது. எவ்வளவு பலம், எந்தக் கணம், கைப்பிடியின் எந்த இடம் என்று யாரும் எனக்குச் சொல்லித்தரவில்லை. இந்த வாத்தியத்தில் உலகத்திலேயே எனக்கு மட்டும் தெரிந்தது அது ஒன்றுதான். பார்த்தேன் என்று அவர் ஒருநாள் என்னிடம் சொல்லியிருந்தால் நான் எப்படி ஆகியிருப்பேனோ. சொன்னார்தான். இவளிடம் சொன்னார்.

அவள் முகம் மலர்ந்துவிட்டது. "அப்படியா? அதானே பாத்தேன், இவ்வளவு பண்ணவங்க இதை மட்டும் விட்டிருப்பாங்களான்னு." ஸ்டூலிலிருந்து எழுந்து கிட்டாரை என் பக்கம் நீட்டினாள். "ஒரே ஒரு தடவை காட்டுங்கக்கா. நான் பிடிச்சுக்குவேன். இப்பவே பணத்தைக் குடுத்துட்டு எடுத்துட்டுப் போயிடறேன்."

பிடித்துக்கொள்வாள். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. எனக்கு இரண்டு வருஷம், இவளுக்கு இரண்டு நிமிஷம். பிறகு என்னைவிட அழகாகத் தட்டுவாள், ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே. அவர் மறுபடியும் வாய் திறந்து நிற்பார்.

"காட்டேன், அதுல என்ன இருக்கு," என்றார் அவர். உதவி செய்கிற சந்தோஷம் அவர் முகத்தில்.

கிட்டாரை வாங்கிக்கொண்டேன். ஒயரைக் கழற்றினேன். உறைக்குள் வைத்து, ஜிப்பை முழுவதும் இழுத்து மூடி, அவள் கையிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

"எடுத்துட்டுப் போம்மா. பாதி விலை குடு, போதும்," என்றேன். "அதை மட்டும் கேக்காதே. நான் காட்டறதா இல்ல."