இன்பமேரியின் பெடலுக்குச் சத்தம் போதவில்லை

1

இந்தக் கதை எனக்குத் தோன்றியதல்ல, காதில் விழுந்தது. ஏற்காட்டில் ஆரிப்பின் செல்போன் கடையில், சார்ஜ் ஏறாத என் போனைக் கொடுத்துவிட்டு நின்றிருந்தேன். எனக்கு முன்னால் இன்பமேரி, தோளில் கிடாரோடு, ஆரிப்பிடம் சண்டை போட்டுக்கொண்டிருந்தாள். போன் சரியான பிறகும் நான் கிளம்பவில்லை.

முதல் வரியை இப்படித் தொடங்கினேன்: "சேர்வராயன் மலைமீது பனி ஒரு வெண்ணிற..." வேண்டாம். பனியில் இறங்கினால் அப்புறம் பனியைப் பற்றியேதான் எழுதிக்கொண்டிருப்பேன்.

விஷயம் இதுதான். சனிக்கிழமை மாலை ஒரு ரிசார்ட்டில் இன்பமேரி கிடார் வாசிக்க வேண்டும். சாப்பிட வருகிறவர்களின் இரைச்சலைத் தாண்டிக் கடைசி மேசைவரை கேட்டால் வாராவாரம் வேலை. கேட்காவிட்டால் ஸ்பீக்கரில் பாட்டுப் போட்டுக்கொள்வதாக மேனேஜர் சொல்லிவிட்டார். இதற்காக ஒரு பெடல் வேண்டும்: கிடாருக்கும் ஆம்ப்ளிபயருக்கும் நடுவே தரையில் கிடக்கும் சின்னப் பெட்டி. காலால் மிதித்தால் கிடார் உறும வேண்டும். போனுக்கே சால்டர் வைக்கிறவனுக்கு இது என்ன பிரமாதம் என்று ஆரிப் ஓர் உலோகப் பெட்டியில்* செய்து கொடுத்திருந்தான். மிதித்தால் முனகியது.

(* டிபன் பாக்ஸ். மூடியில் முயல் படம் இருந்தது. கதையின் கம்பீரத்தை உத்தேசித்து மறைத்தேன்.)

2

"ஏனுங்கண்ணா, மிதிக்காம இருந்தா நல்லாக் கேக்குது. மிதிச்சாக் கம்முனு போயிருது. அப்பறம் எதுக்குங்க இதை மிதிக்கோணும்?"

"பனி எறங்கியிருக்கும்மா. அரிசியில போட்டு வெச்சாச் சரியாப் போயிரும்."

நனைந்த போன்களைப் புதைத்துவைக்க ஆரிப் கடையில் எப்போதும் ஒரு டின் அரிசி உண்டு. பெடலும் ராத்திரி முழுக்க அதில் கிடந்து, அதே முனகலோடும் உள்ளே நாலைந்து அரிசியோடும் வெளியே வந்தது. [யார் நம்புவார்கள் என்று இதை அடித்துவிட்டேன். நடந்ததாயிற்றே என்று திரும்பச் சேர்த்தேன்.]

பேட்டரியை மாற்றினான். வயரை மாற்றினான். கடைசியில், "உனக்கு வெரல்ல பலம் பத்தலையோ என்னமோ" என்றான். இன்பமேரி பார்த்த பார்வையை எழுத எனக்குத் துணிச்சல் இல்லை.

3

இங்கேதான் எனக்கு ஆசை வந்தது. சத்தம் எழாத பெட்டி, பேச்சு எடுபடாத பெண்! இலக்கியம் தானாக வந்து மடியில் உட்கார்ந்தால் தள்ளிவிட முடியுமா? "வீட்டில் வாய் திறக்க முடியாத இன்பமேரிக்கு அந்தப் பெட்டியின் மௌனம்..." என்று எழுதி அவளிடமே படித்துக் காட்டினேன்.

"ஏனுங்க சார், நான் பேச ஆரம்பிச்சா எங்கப்பா ஊட்டை உட்டுட்டு மஞ்சக்குட்டைக்கு ஜீப் ஏறிருவாருங்க. எனக்குச் சத்தம் நொம்பவே இருக்குது. டப்பாவுக்குத்தான் இல்ல."

"சரிம்மா. சனிக்கிழமைக்குள்ள சரியாயிருச்சுன்னு எழுதிடட்டுமா?"

"நீங்க எழுதினாச் சரியாயிருங்களா? சால்டர் வெச்சாத்தானுங்க ஆகும்."

எனக்குக் கொஞ்சம் வலிக்கத்தான் செய்தது.

4

சனிக்கிழமை மத்தியானம் ஆரிப் பெட்டியைப் பிரித்தான். இன்பமேரி போனில் சர்க்யூட் படத்தைப் பெரிதாக்கி வைத்துக்கொண்டாள். படத்தில் இருந்த டிரான்சிஸ்டர் கிடைக்காமல், "இதும் அதேதாங்க" என்று சேலத்துக் கடைக்காரர் கொடுத்ததை ஆரிப் வாங்கி வந்திருந்தான். மூன்று கால் கொண்ட அந்தத் துணுக்குத்தான் சத்தத்தைப் பெருக்க வேண்டும்.

"அண்ணா, இதுல கால் வரிசை நேர் எதிரா இருக்குதுங்க."

ஆரிப் பார்த்தான். மறுபடி பார்த்தான். "முழுசாச் செத்திருந்தாக் கண்டுபிடிச்சிருப்பேம்மா. தலைகீழா நின்னுக்கிட்டுப் பாதி வேலை செஞ்சு ஏமாத்திருச்சு."

"அப்ப என் வெரலு?"

அவன் குனிந்து அதைக் கழற்றித் திருப்பி வைத்துச் சால்டர் வைத்தான். சோதித்துப் பார்க்க வழியில்லை. ஆம்ப்ளிபயர் முன்னதாகவே ரிசார்ட்டுக்குப் போய்விட்டது.

5

முடிவு அ: கிடார் உறுமுகிறது, கடைசி மேசையில் ஒருவர் கண்ணீரோடு எழுந்து... (அடித்தாயிற்று. நானே எழுந்து போயிருப்பேன்.)

முடிவு ஆ: மிதிக்கிறாள், கரண்ட் போய்விடுகிறது. (நடக்கக்கூடியதுதான். ஆனால் இதை அவளிடம் படித்துக் காட்டுவது யார்?)

ஆகவே இங்கே நிறுத்துகிறேன். பாட்டு பாதியில் இருக்கிறது. எல்லா மேசையிலும் பேச்சு. யாரோ பஜ்ஜிக்கு இன்னும் சட்னி கேட்கிறார்கள். மேனேஜர் கடைசி மேசைக்குப் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். இன்பமேரி பெடலுக்கு மேலே காலைத் தூக்கிவிட்டாள்.

அவளுக்கு இந்த வேலை கிடைக்க வேண்டும் என்று எனக்கு நிஜமாகவே ஆசை. ஆனால் என் எழுத்துக்குச் சத்தம் கிடையாது. எவ்வளவு பெரிதாக அச்சடித்தாலும் அந்த மேசைவரை போகாது. உங்களுக்கு வாய் இருக்கிறது. அடுத்த வரியை மனதுக்குள் படிக்காதீர்கள். இருக்கிற இடத்திலேயே, பஸ்ஸாக இருந்தாலும் சரி, வாய்விட்டு:

ஞொய்ய்ய்ய்ங்ங்ங்!

யாராவது திரும்பி, "என்னாச்சு உங்களுக்கு?" என்று கேட்டால் அவளுக்கு வேலை கிடைத்துவிட்டது. கேட்கவில்லையென்றால் இன்னும் கொஞ்சம் பலமாக. பாவம், ஒற்றைக் காலில் நிற்கிறாள்.