விழுந்தவனைத் தூக்கு

நெஸ்டரைச் சக்கர நாற்காலியோடு நான்கு பேராகத் தூக்கி அரங்கின் படிகளில் ஏற்றினோம். ஞாயிறு மதியம் மூன்று மணி. நியூயார்க்கில் எங்கள் அம்மாக்கள் காலையில் தேவாலயத்துக்குப் போவார்கள்; நாங்கள் மதியம் இங்கே ராக் கச்சேரிக்கு வருவோம்.

"மெதுவாடா, பொணத்தையா தூக்குறீங்க?" என்றான் நெஸ்டர். மற்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மேடைக்கு முன்னால் ஒருவர்மேல் ஒருவர் மோதி நாங்கள் ஆடுவதைப் புதிதாகப் பார்ப்பவர்கள் அடிதடி என்றுதான் நினைப்பார்கள். முழங்கை பறக்கும், மூக்கு உடையும். ஆனால் அதற்குள்ளும் ஒரு சட்டம் உண்டு. யார் விழுந்தாலும் மறுநொடியே தூக்கி நிறுத்திவிட வேண்டும். யாரும் சொல்லித் தருவதில்லை, கை தானாகப் போகும். போன அக்டோபரில் நெஸ்டர் மேடையிலிருந்து கூட்டத்தின் மேல் பாய்ந்தான். பிடிக்க ஆளில்லாமல் தலைகுப்புற விழுந்தான். என் கை தானாகப் போனது. அக்குளில் கைகொடுத்து ஒரே இழுப்பில் நிறுத்தினேன். கால்கள் நிற்கவில்லை. "எந்திரிடா" என்று உலுக்கினேன்.

கழுத்தெலும்பு முறிந்திருந்தது. அசைக்காமல் விட்டிருந்தால் ஒருவேளை நடந்திருப்பான் என்றார் மருத்துவர். "எந்தப் பாவி அவனைத் தூக்கினான்?" என்று அவனுடைய அக்கா இவெட் என்னிடமே கேட்டாள். "கூட்டத்துல யாரோக்கா" என்றேன். எட்டு மாதமாகச் சனிக்கிழமைதோறும் அவனுக்கு முகம் மழித்துவிடுகிறேன். இவனைப் போல ஒரு நண்பன் கிடைக்கமாட்டான் என்று இவெட் எல்லோரிடமும் சொல்கிறாள். கேட்கக் கேட்க எனக்கு உடம்பு கூசுகிறது.

இன்று ஆட்டம் தொடங்கும் முன் அவன் காதருகே குனிந்தேன்.

"நெஸ்டர், அன்னைக்கு உன்னைத் தூக்கினது நான்தான்டா."

அவன் மேடையையே பார்த்துக்கொண்டிருந்தான். டிரம்ஸ் அதிரத் தொடங்கியது. அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று தெரியவில்லை. இன்னொரு முறை சொல்ல எனக்குத் தைரியமில்லை.

இரண்டாவது பாட்டில், மொட்டையடித்த ஒரு பெண் எங்கள் முன்னால் வந்து குப்புற விழுந்தாள். அவளுக்குப் பின்னால் பூட்ஸ் கால்கள் சுழன்று வந்துகொண்டிருந்தன. என் கை நாற்காலியின் பிடியை விட்டு வரவில்லை.

"தூக்குடா!" என்று கத்தினான் நெஸ்டர். அவன் முகமெல்லாம் கண்ணீர். துடைத்துக்கொள்ள அவனுக்குக் கை வராது. "என்னைத் தூக்கினேல்ல? அவளையும் தூக்குடா!"

குனிந்தேன். அவள் தோள்வரை போன கை அங்கேயே நின்றுவிட்டது.

"எங்க வலிக்குதும்மா?"

அந்தச் சத்தத்தில் அவளுக்கு எதுவும் கேட்டிருக்காது. தலையை நிமிர்த்தாமலே ஒரு கையை மேலே நீட்டினாள்.