தாய், உயிருடன்

எங்கள் தெருப் பெண்களில் பாதிப் பேர் தோல் தொழிற்சாலைக்குப் போகிறார்கள். மீதிப் பேர் முன்கதைகளில் சாகப் போகிறோம். நான் பத்தொன்பது வருடங்களாகச் செத்துக்கொண்டிருக்கிறேன். என் பெயர் பூங்காவனம்.

ராணிப்பேட்டை பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு பிளெக்ஸ் கடை இருக்கிறது. அதன் மாடியறையில் ஞாயிறுதோறும் ஐந்தாறு பேர் ஒரு மேசையைச் சுற்றி உட்கார்ந்து விளையாடுவார்கள். ஆளுக்கொரு வீரனாகவோ மந்திரவாதியாகவோ தன்னைச் சொல்லிக்கொண்டு, பகடை உருட்டி, இல்லாத நாட்டில் புதையல் தேடி அலையும் விளையாட்டு. ஆட்டம் தொடங்குவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் பாத்திரத்தின் முன்கதையை ஒரு தாளில் எழுத வேண்டும். எங்கே பிறந்தான், என்ன தொழில் செய்தான், எதற்காக வீட்டை விட்டுக் கிளம்பினான். எழுதினால் மட்டும் போதாது. எழுதியதை யாராவது நடத்திக்கொடுக்க வேண்டும். அதற்குத்தான் நாங்கள். எல்லோருடைய ஊரும் எரிந்திருக்கும், எல்லோருடைய தாயும் இறந்திருப்பாள். வேலைக்குப் பஞ்சமில்லை.

காலையில் மாடிப்படியில் உட்கார்ந்திருப்பேன். மேலிருந்து சீட்டு வரும். ‘தாய். பூதப்படையால்.’ ‘தாய். கொள்ளைநோய்.’ ‘தாய். தீயில்.’ டவுன் பஸ்ஸில் ஏறி முன்கதை நிறுத்தத்தில் இறங்கி, செத்துவிட்டு, பாத்திரம் அழுது முடிக்கும்வரை படுத்திருந்து, நாலு மணி பஸ்ஸில் திரும்பிவிடுவேன். அழுகை பெரும்பாலும் சீக்கிரம் முடிந்துவிடும். அவர்களுக்குக் கிளம்பும் அவசரம். எனக்கு இருந்த ஒரே தொல்லை, புடவையிலிருந்து புகைநாற்றம் போகாததுதான். சமீப காலமாக முட்டிவலியும் சேர்ந்துகொண்டது. சாகும்போது மடங்கி விழ வேண்டும் என்பார்கள். மடங்கினால் எழுந்திருக்க முடிவதில்லை.

என் வீட்டுக்காரருக்குக் காணாமல் போன தகப்பன் வேலை. அவர் எங்கும் போக வேண்டியதில்லை. வேலை நாட்களில் வீட்டிலேயே காணாமல் போய்விடுவார்.

மாசி மாதம் ஒரு புதுப் பெண் ஆட்டத்துக்கு வந்தாள். மரகதவல்லி. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் நர்ஸ். டூட்டி முடிந்து நேராக வந்திருந்தாள் போல, படியேறும்போது கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறினாள். ஆட்டத்தை நடத்துபவர் ஜெயசீலன், நில அளவையர். அவர் அவளிடம் ஆயத்த முன்கதைகளின் பட்டியலைக் கொடுத்ததும், அவள் பக்கங்களைப் புரட்டியதும் கீழே எனக்குக் கேட்டது.

“துறவி, திருடன், கூலிப்படை, ஊரை இழந்தவன். இதுல எதுவும் எனக்குச் சரிப்படலையே சார். மாத்திக்கலாமா?”

“தாராளமா. ஆட்ட விதியிலேயே இடம் இருக்கு. ரெண்டு திறமை, ஒரு கருவி, ஒரு சலுகை. உங்க இஷ்டத்துக்கு எழுதிக்கலாம்.”

அவள் வெகுநேரம் எழுதினாள். பிறகு ஜெயசீலன் படித்துவிட்டுக் கேட்டார். “அம்மா உயிரோட இருக்காங்கன்னு போட்டிருக்கீங்க?”

“ஆமா சார்.”

“பொதுவா யாரும் அப்படிப் போட மாட்டாங்க.”

“வார்டுல தினமும் சாவு பாக்குறேன் சார். இங்கயும் எதுக்கு?”

ஜெயசீலன் கையெழுத்துப் போட்டார். சீட்டு கீழே வந்தது. ‘தாய். உயிருடன்.’ திருப்பிப் பார்த்தேன். பின்பக்கம் எதுவும் இல்லை.

வழக்கமான பஸ்ஸில் போனேன். மலையடிவாரத்தில் ஓர் ஓட்டு வீடு கொடுத்திருந்தார்கள். கிணறு, அடுப்பு, ஒரு கோழி. மரகதவல்லி எழுதிய மகள் பெயர் சேந்தி, வில்லாளி. அவள் கிளம்பிப் போய்விட்டிருந்தாள். நான் வாசலில் உட்கார்ந்தேன். நாலு மணி பஸ் வந்து நின்றது. ஓட்டுநர் பார்த்தார். வேலை முடியவில்லை என்று கையைக் காட்டினேன். ஆறு மணி பஸ்ஸுக்கும் காட்டினேன். அதன் பிறகு பஸ் இல்லை.

வீட்டுக்காரருக்கு போன் செய்தேன்.

“எப்ப வருவ?”

“தெரியல. இன்னும் சாகலையே.”

“சரி” என்றார். சனிக்கிழமை மாற்றுப்புடவைகளை எடுத்துக்கொண்டு வந்தார். காணாமல் போனவர் என்பதால் வீட்டுக்குப் பின்பக்கம் உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுப் போனார்.

உயிரோடு இருப்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. சாவதென்றால் எங்கே விழ வேண்டும், எதைப் பார்த்துக் கத்த வேண்டும் என்று தெரியும். இதில் எதுவும் சொல்லியிருக்கவில்லை. பெருக்கினேன். தண்ணீர் இறைத்தேன். மறுபடி பெருக்கினேன்.

அடுத்த ஞாயிறு சேந்தி வந்தாள். தோளில் ஓர் அம்பு குத்தியிருந்தது. கூட ஒரு மந்திரவாதியும் வந்தான். மெலிந்த ஆள், பெயர் கரிவேள். இருவரையும் உட்கார வைத்துச் சோறு போட்டேன். அவள் இடது கையால் அம்பைப் பிடித்துக்கொண்டு சாப்பிட்டாள். கரிவேள் சாப்பிடாமல் என் காதையே பார்த்துக்கொண்டிருந்தான்.

“எங்க அம்மாவுக்கும் இடது காது இப்படித்தான் கிழிஞ்சிருக்கும்” என்றான்.

“நான்தாம்ப்பா அது. போன ஆடி மாசம் செத்தேன்.”

“பூதப்படை.”

“ஆமா.”

அவன் சோற்றைப் பிசைந்தான். “வலிச்சுதா?”

“வலியெல்லாம் இல்ல. புகைதான் கொஞ்சம்.”

“நான் அழுதேனா?”

“ஒரு வரி அழுத.”

“அவ்வளவுதான் இடம் விட்டிருந்தாங்க” என்றான். பிறகு மோருக்குச் சோறு கேட்டான். போட்டேன். இன்னும் கொஞ்சம் கேட்டான். சாப்பிட்டு முடித்துத் தட்டைக் கழுவி வைத்துவிட்டு, கிணற்றடியில் உட்கார்ந்து, எழுத இடமில்லாமல் போன மிச்சத்தை அழுதான். அதற்கு மாலை வரை ஆயிற்று. நான் பக்கத்தில் உட்கார்ந்து அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தேன். எழுந்து போகத் தோன்றவில்லை. பத்தொன்பது வருடங்களில் யாரும் அழுது முடிப்பதை நான் கண்ணைத் திறந்துகொண்டு பார்த்ததில்லை.

அவன் போய் மற்றவர்களிடம் சொல்லியிருக்கிறான். பழைய ஆட்டங்களின் பாத்திரங்களும் சேர்ந்து ஒவ்வொருவராக வந்தார்கள். குள்ளர்கள் இருவர். கண்ணில் கட்டுப்போட்ட ஒரு திருடி. தாய் கொள்ளைநோயில் இறந்ததால் மருத்துவம் கற்றுக்கொண்ட ஒரு துறவி. அந்தக் கொள்ளைநோய் எனக்கு நன்றாக ஞாபகம் இருந்தது, அன்று பஸ்ஸைத் தவறவிட்டிருந்தேன். பங்குனி முடிவதற்குள் இருபத்துமூன்று பேர் முற்றத்தில் இருந்தார்கள். ஒருவன் கூரையில் ஓடு மாற்றினான். குள்ளர்கள் கோழிக்குக் கூண்டு கட்டினார்கள். யாரும் புதையல் தேடிப் போகவில்லை. வாள்களைத் தாழ்வாரத்தில் சாய்த்து வைத்திருந்தார்கள். அவற்றின் மேல் துணி காய்ந்தது.

எனக்கு இடுப்பு விட்டுப்போனது. இருபத்துமூன்று பேருக்கு வடிப்பதென்றால் சும்மா இல்லை. சாவது எவ்வளவோ மேல் என்று நினைத்துக்கொள்வேன். ஆனால் காலையில் யாராவது வந்து, “அம்மா, இன்னிக்கு என்ன குழம்பு?” என்று கேட்பார்கள். நானும் யோசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

மாடியறையில் நிலைமை வேறாக இருந்தது. என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். ஜெயசீலன் புதையல் இருக்கும் குகையை வரைந்து வைத்துவிட்டுக் காத்திருக்கிறாராம். “இப்ப என்ன செய்றீங்க?” என்று ஒவ்வொருவரையும் கேட்டால், “அம்மா வீட்டுக்குப் போறேன்” என்கிறார்களாம். நாலு ஞாயிறாக இதே பதில். கதை ஓரடி நகரவில்லை.

ஐந்தாம் ஞாயிறு நண்பகலில் டிராகன் வந்தது.

அவன் எங்கள் பக்கத்துத் தெரு துளசிங்கம். முன்கதைகளில் என்னை ஆறு முறை எரித்திருக்கிறான். நல்ல பையன், குடியெல்லாம் கிடையாது. கிணற்றுக்குப் பக்கத்தில் இறங்கி, துணிக்கொடி மேல் படாமல் இறக்கையை மடக்கிக்கொண்டான்.

“யக்கா, எங்க நிக்கிறீங்க? வாசல்லயா, அடுப்படியா?”

“சீட்டு இருக்கா?”

நீட்டினான். ஜெயசீலன் கையெழுத்து. ‘தாய். தீயில்.’ அவர் வழக்கமாக அழுத்தி எழுதுவார். இது லேசாக எழுதப்பட்டிருந்தது.

முற்றத்தில் இருபத்துமூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். கரிவேளின் கை நின்றுவிட்டது. சேந்தி வில்லைப் பார்த்தாள். அது துணிகளுக்கு அடியில் எங்கோ இருந்தது. அரை மணி நேர வேலை. முடித்தால் நாலு மணி பஸ்ஸைப் பிடித்து வீட்டுக்குப் போய்விடலாம். என் கட்டில், என் தலையணை. முட்டியை மடக்கிப் பார்த்தேன். கரிவேள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். மறுபடி ஒரு வரிதான் விடுவார்கள் என்று அவனுக்கும் தெரியும்.

“இன்னிக்கு என்னால முடியாதுப்பா, துளசிங்கம்” என்றேன்.

இப்படி நான் இதற்கு முன் யாரிடமும் சொன்னதில்லை. கரண்டியைக் கீழே வைத்தேன்.

அவன் பெருமூச்சு விட்டான். கொஞ்சம் புகை வந்தது. “எனக்கும் முடியலதான்க்கா. காலைலேர்ந்து இது நாலாவது ஊரு. தொண்டையெல்லாம் புண்ணு.”

“உக்காரு. மோர் குடி.”

“நெருப்பு அணைஞ்சுடும்க்கா.”

“அணையட்டும்.”

அவன் உட்கார்ந்தான். குள்ளர்கள் நகர்ந்து இடம் விட்டார்கள். ஒரு அண்டா மோர் குடித்தான். வயிற்றுக்குள் ஏதோ சொய்யென்றது. அப்படியே தலையைத் தாழ்வாரத்தில் வைத்துத் தூங்கிவிட்டான்.

மூன்று மணிக்கு ஜெயசீலனே பஸ்ஸில் வந்தார். ஒரு கையில் வரைபடச் சுருள், மறுகையில் பகடைப் பெட்டி. கூடவே மரகதவல்லி. தூங்கும் டிராகனைச் சுற்றிக்கொண்டு வந்து என் எதிரில் நின்றார்.

“நீங்க சாகலன்னா இவங்க ஏன் வெளிய போவாங்க? சொல்லுங்கம்மா. பத்தொன்பது வருஷமா நான்தான் எல்லாருக்கும் காரணம் கண்டுபிடிச்சுக் கொடுக்கிறேன். எனக்கு வேற வழி தெரியல.”

கோபமாகப் பேசுகிறார் என்று நினைத்திருந்தேன். பக்கத்தில் வந்தபோதுதான் கண்கள் எவ்வளவு உள்ளே போயிருக்கின்றன என்று தெரிந்தது. அவருக்கும் ஒரு சொம்பு மோர் நீட்டினேன்.

சேந்திதான் எழுந்தாள். “அந்தக் குகைதானே? போய்ட்டு வந்துடறோம்.” பிறகு என்னிடம் கேட்டாள். “சாயங்காலம் சோறு இருக்குமா?”

“இருக்கும்” என்றேன்.

வாள்களின் மேலிருந்த துணிகளை மடித்து வைத்துவிட்டு இருபத்துமூன்று பேரும் கிளம்பினார்கள். ஜெயசீலன் அவசர அவசரமாக வரைபடத்தை விரித்தார். ஆறு வாரத்துக்கென்று அவர் வரைந்திருந்த குகை ஒன்றரை மணி நேரத்தில் முடிந்தது. உலை கொதித்துக்கொண்டிருக்கும்போதே திரும்பிவிட்டார்கள். யாருக்கும் பெரிய காயமில்லை. கரிவேள் மட்டும் விரலைச் சுட்டுக்கொண்டிருந்தான். பசிக்கிறது, சீக்கிரம் போட வேண்டும் என்றார்கள்.

மரகதவல்லி அவன் விரலுக்குக் கட்டுப்போட்டாள். பிறகு சுவரோரம் படுத்தாள். அவளை யாரும் எழுப்பவில்லை. ஜெயசீலன் இரண்டு முறை ரசம் வாங்கிக்கொண்டார். ‘தீயில்’ என்ற சீட்டைக் கேட்டு வாங்கிக் கிழித்து அடுப்பில் போட்டார். ஏதாவது சொல்வார் என்று காத்திருந்தேன். ஏப்பம் விட்டுவிட்டு, தூங்குகிற இருவரையும் எழுப்பாமல் கடைசி பஸ்ஸில் போனார்.

மறுநாள் காலை கோலம் போடக் கதவைத் திறந்தேன். வாசலில் மலை வந்து நின்றிருந்தது. தனக்கு முன்கதை என்று இதுவரை யாரும் எதுவும் எழுதவில்லை என்றது. பிறந்த ஊர் எது என்று கேட்டேன். யோசித்துச் சொல்வதாகச் சொல்லிவிட்டு முற்றத்தில் உட்கார்ந்தது. வெயிலை மறைத்தது. துணிகளை வீட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோய்க் காயப்போட்டேன்.